எல்லையோர ஊருக்கு எதை முதலில் தொடங்கலாம்: பள்ளி வகுப்பா, வாசகசாலையா, பாலியேட்டிவா?

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரைப்பதி, பெருமாட்டி, முதலமடை என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் தமிழ் பேசும் ஊர்களில் பழைய மாணவர் குழுக்களுக்குப் பஞ்சமில்லை. கோவையிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் மாதாமாதம் கொஞ்சம் பணம் போட்டு, “நம்ம ஊருக்கு ஏதாவது செய்யணும்” என்று கிளம்புகிறார்கள். முதலில் பள்ளிச் சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள், நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுப்பார்கள். அப்புறம் கொஞ்சம் கனமான கேள்வி வரும். பிள்ளைகள் சாதி சொல்லி அடித்துக்கொள்ளாமல் வளர என்ன செய்யலாம்? படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியவரை ஊர் மறந்துபோகாமல் இருக்க என்ன செய்யலாம்?

கேள்வி வந்ததும் மூன்று யோசனைகள் கிளம்பும். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நல்லொழுக்க வகுப்பு நடத்தலாம் என்பார்கள் சிலர். பூட்டிக் கிடக்கும் வாசகசாலையைத் திறந்து சாயங்காலம் பிள்ளைகளை உட்கார வைக்கலாம் என்பார்கள் வேறு சிலர். மூன்றாவது யோசனை கொஞ்சம் தயக்கத்தோடுதான் வரும்: பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸோடு (தீராத நோயில் படுத்திருப்பவர்களை வலி குறைத்து ஆதரவாகப் பார்த்துக்கொள்பவர்) சேர்ந்து வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கலாமே என்று. மூன்றையும் ஒரே நேரத்தில் தொடங்கினால் ஒன்றும் நிலைக்காது. கையில் இருப்பது பத்துப் பதினைந்து பேர், வாரத்தில் அரை நாள், சின்னத் தொகை. ஒன்றைத்தான் முதலில் எடுக்க முடியும். நான் மூன்றாவதைத்தான் சொல்வேன். ஆனால் மற்ற இரண்டும் சில ஊர்களுக்குப் பொருந்தும் என்பதால் அவற்றையும் நியாயமாகப் பார்த்துவிடுவோம்.

நமக்குள் பிரிவு எங்கே இருக்கிறது

அமைதி, அன்பு என்று பொதுவாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது. நம் பக்கத்தில் எதற்காக மனசு கசக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எல்லைப் பகுதி என்றதும் தமிழருக்கும் மலையாளிக்கும் சண்டை என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நம் கடைவீதியில் ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியும் வந்து போகும். யாரும் நின்று கவனிப்பதுகூட இல்லை. தண்ணீர்த் தகராறு உண்டு. 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆளியாறு ஒப்பந்தப்படி எல்லையோர மணக்கடவில் வருடத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் நம் பக்கத்துச் சித்தூர்ப்புழை ஆற்றுக்குக் கிடைக்க வேண்டும். வரத்து குறையும் காலத்தில் இந்தப் பக்கம் கொதிப்பு ஏறும். ஆனால் தண்ணீர் கேட்கும் கொழிஞ்சாம்பாறை விவசாயியும் தமிழ் பேசுகிறவர், எங்களுக்கே போதவில்லை என்கிற பொள்ளாச்சி விவசாயியும் தமிழ் பேசுகிறவர். இரண்டு பேரும் சம்பந்திகளாகக்கூட இருப்பார்கள். அதை இரண்டு அரசுகள் பேசித்தான் தீர்க்க வேண்டும். ஒரு பழைய மாணவர் குழுவால் ஆகிற காரியம் இல்லை.

குழு கை வைக்கக்கூடிய இடம் வேறு. 2017-இல் முதலமடைப் பஞ்சாயத்தின் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனி செய்திகளில் அடிபட்டது. டீக்கடையில் தனி கிளாஸ் வைக்கிறார்கள், தண்ணீர் பிடிக்கும் இடத்தில் ஒதுக்குகிறார்கள் என்று அங்கே வாழும் சக்கிலியர் குடும்பங்கள் புகார் சொன்னார்கள். கேரளத்தில் இதெல்லாம் எப்போதோ ஒழிந்துவிட்டது என்று நம்பியிருந்தவர்களுக்கு அது அதிர்ச்சி. எல்லையோரத்தில் குடியிருக்கிறவர்கள் நெஞ்சில் கை வைத்துச் சொன்னால், அதிர்ச்சி என்று சொல்ல முடியாது. கவுண்டர் வீதி, ஈழவர் வீடுகள், ராவுத்தர் தெரு, காலனி, பழங்குடி இரவாளர் ஊர் என்று நாம் குடியிருப்பதே தனித்தனியாகத்தான். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்காரும் பிள்ளைகள் மணி அடித்ததும் வேறு வேறு பாதையில் போகிறார்கள். பத்து வருடம் கூடப் படித்த நண்பனின் வீட்டுத் திண்ணையைத் தாண்டி உள்ளே போகாத இளைஞர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

அதனால் எந்தத் திட்டத்தையும் எடைபோட நான் ஒரே கேள்வியைத்தான் வைத்துக்கொள்கிறேன். இது யாரை யார் வீட்டுக்குள் அழைத்துப் போகிறது? அதுவும் ஒரு நாள் கூத்தாக இல்லாமல், வாராவாரம்?

கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இல் இதை ஆராய்ந்து எழுதினார். ஒதுங்கி வாழும் இரண்டு கூட்டத்தார் அக்கம்பக்கத்தில் இருப்பதால் மட்டும் வெறுப்பு குறைந்துவிடாது. சந்திக்கும் இடத்தில் இருவருக்கும் சம அந்தஸ்து, பொதுவான நோக்கம், கூடிச் செய்யும் வேலை, அதிகாரத்தில் உள்ளவர்களின் ஆதரவு ஆகிய நான்கும் சேர வேண்டும் என்றார். நம் மாவட்டத்திலேயே அதற்கு முன்னால் செய்து காட்டியவர்கள் உண்டு. கல்பாத்தி அக்கிரகாரத்துத் தமிழர் டி. ஆர். கிருஷ்ணசாமி ஐயர் 1923-இல் அகத்தேத்தறையில் சபரி ஆசிரமத்தைத் தொடங்கி, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒன்றாகத் தங்கிப் படிக்க வைத்தார். சொந்தச் சமூகத்தின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டுதான் செய்தார். காந்தி அந்த ஆசிரமத்துக்கு வந்திருக்கிறார். பாலக்காடு போகும்போது ஒருமுறை அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம். குழுவில் எல்லோரும் சேர்ந்து போனால் இன்னும் நல்லது.

பள்ளி வகுப்பு

இதன் பலம் எல்லோருக்கும் தெரிந்தது. எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம் பள்ளி ஒன்றுதான். ஹெட்மாஸ்டர் சரி என்றால் இடத்துக்கும் நேரத்துக்கும் அலைய வேண்டாம். அரசாங்கமும் ஏற்கெனவே பாதை போட்டிருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல் இருந்து நடக்கிறது. அதில் சேர்ந்த மாணவர் இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் சமூகப் பணி செய்ய வேண்டும், 7 நாள் முகாமில் தங்க வேண்டும். கேரளத்தில் 2010-இல் தொடங்கிய ஸ்டூடன்ட் போலீஸ் கேடட் திட்டம் பிறகு மற்ற மாநிலங்களுக்கும் போயிற்று. டெல்லி அரசு 2018-இல் எட்டாம் வகுப்பு வரை தினமும் 45 நிமிடம் மகிழ்ச்சிப் பாடம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது.

ஆனால் வெளியிலிருந்து ஒரு குழு வாரம் ஒரு மணி நேரம் போய் நடத்தும் வகுப்பு வேறு விஷயம். “சாதி பார்க்கலாமா?” என்று கேட்டால் “கூடாது!” என்று மொத்த வகுப்பும் கூரை அதிரக் கத்தும். பிள்ளைகளுக்கு விடை தெரியும். எந்தப் பதிலைச் சொன்னால் டீச்சர் சிரிப்பார் என்று மூன்றாம் வகுப்பிலேயே தெரிந்துவிடுகிறது. தெரிந்த விடையை மறுபடி சொல்ல வைப்பதால் சாயங்காலம் யாரோடு சேர்ந்து விளையாடுகிறான் என்பது மாறிவிடாது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததைத் தமிழ் வாசிக்கிற யாரும் மறந்திருக்க முடியாது. பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு தலித் மாணவனைக் கூடப் படித்தவர்களே அவன் வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அந்தப் பிள்ளைகளும் ‘தீண்டாமை ஒரு பாவச்செயல்’ என்று பாடப் புத்தகத்தின் முன்பக்கத்தில் வாசித்து வளர்ந்தவர்கள்தான். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, கையில் கட்டும் சாதிக் கயிறுகளை அனுமதிக்கக் கூடாது, பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதிப் பெயர்களை எடுக்க வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தது. பள்ளிக்குள் வேலை இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அது ஆசிரியர்களும் துறையும் தினமும் செய்ய வேண்டிய வேலை. ஞாயிற்றுக்கிழமைத் தொண்டர்கள் வெள்ளிக்கிழமை பீரியடில் செய்து முடிக்கக்கூடியது இல்லை.

2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் அமைதிக் கல்வியைத் தனிப் பாடமாக்கச் சொல்லவில்லை. எல்லாப் பாடத்திலும் கலந்திருக்க வேண்டும் என்றுதான் சொன்னது. உள்ளே ஓர் ஆசிரியர் ஆர்வமாக இருக்கிறார் என்றால், குழு அவருக்குப் பின்னால் நின்று உதவலாம். அப்போது நான் சிபாரிசு செய்வது 1971-இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் எலியட் அரோன்சன் உருவாக்கிய முறை. கறுப்பு, வெள்ளை, மெக்சிகப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைத்ததும் அடிதடி மூண்ட பள்ளிகள் அவை. அவர் பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கொரு துண்டைக் கொடுத்தார். மற்றவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால்தான் முழுப் பாடமும் தெரியும் என்ற நிலை வந்தது.

நம் ஊருக்கு இதை எடுக்க வேண்டுமென்றால் ஆளியாறு தண்ணீரையே பாடமாக வைக்கலாம். ஐந்து பிள்ளைகள் ஒரு குழு. ஒருத்திக்கு மழையும் மலையும், ஒருவனுக்கு அணைகள், ஒருவனுக்குச் சித்தூர் விவசாயியின் கணக்கு, ஒருத்திக்குப் பொள்ளாச்சித் தென்னந்தோப்பின் கணக்கு, கடைசி ஆளுக்கு 1970 ஒப்பந்தம். எந்தத் தெருப் பிள்ளையாக இருந்தாலும் அவளிடம் இருக்கும் துண்டு இல்லாமல் மற்ற நால்வருக்கும் பரீட்சையில் மார்க் கிடையாது. இதில் உபதேசம் ஒரு வரிகூட இல்லை. நல்லொழுக்கக் கதை பத்து சொல்வதைவிட இப்படி ஒரு பாடம் மேல். தமிழ் மீடியம் பிள்ளைகளும் மலையாள மீடியம் பிள்ளைகளும் இருக்கும் பள்ளியில் இரண்டு பிரிவையும் கலந்து செய்தால், மொழிபெயர்த்துச் சொல்லும் வேலையும் பிள்ளைகள் தலையிலேயே விழும். அதுவும் நல்லதுதான்.

வாசகசாலை

வாசகசாலை என்றால் கேரளத்துக்கு ஒரு பெருமை உண்டு. பி. என். பணிக்கர் 1945-இல் அம்பலப்புழையில் 47 வாசகசாலைகளைச் சேர்த்துத் தொடங்கிய சங்கம்தான் பிறகு கேரள கிரந்தசாலை சங்கமாக வளர்ந்தது. 1975-இல் எழுத்தறிவுப் பணிக்கான யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா விருது வாங்கியது. “வாயிச்சு வளருக” (வாசித்து வளருங்கள்) என்று அவர் கேரளத்தைக் கால்நடையாகச் சுற்றிய பாதையில்தான் 1991 ஏப்ரலில் முழு எழுத்தறிவு மாநிலம் என்ற அறிவிப்பு வந்தது. அவர் மறைந்த ஜூன் 19 இங்கே வாசிப்பு நாள். பதிவு பெற்ற வாசகசாலைக்கு லைப்ரரி கவுன்சிலின் மானியம் கிடைக்கும். பிள்ளைகளுக்கு பாலவேதி, பெண்களுக்கு வனிதாவேதி என்று அமைப்பும் தயாராக இருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

எல்லையோர வாசகசாலைகள் பலவற்றில் நடப்பது வேறு. சாயங்காலம் ஷட்டர் திறக்கும். நான்கைந்து ஆண்கள் தினத்தந்தியையும் மாத்ருபூமியையும் பிரித்துப் படிப்பார்கள், ஓரத்தில் கேரம் போர்டு ஓடும். ஏழு மணிக்கு மூடுவார்கள். பெண் பிள்ளைகள் வரமாட்டார்கள், ஏனென்றால் வாசலில் பைக்குகள் நிற்கும். புதிய தமிழ்ப் புத்தகம் வந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று அலமாரியைப் பார்த்தாலே தெரியும்.

இதைச் சரிசெய்ய முடியும். ஒரு குழு மனசு வைத்தால் ஒரு வருடத்தில் முகமே மாறிவிடும். என் கவலை அந்தக் கட்டடம் நிற்கும் இடத்தைப் பற்றியது. கோயில் வீதியில் இருந்தால் காலனிப் பிள்ளை வர யோசிக்கும். காலனிக்குப் பக்கத்தில் இருந்தால் மற்ற வீட்டுப் பிள்ளைகளை “அங்கெல்லாம் எதுக்கு, வீட்லயே படி” என்று தடுத்துவிடுவார்கள். யார் வருவார்கள் என்பதைக் கட்டடமே பாதி தீர்மானித்துவிடுகிறது. பேருந்து நிறுத்தம், பள்ளி, ஹெல்த் சென்டர் மாதிரிப் பொது இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வாசகசாலை என்றால் தைரியமாக எடுக்கலாம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ இதற்கு ஒரு மாற்று வழி காட்டியது. கொரோனாவில் விட்டுப்போன படிப்பைப் பிடிக்க, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகளுக்கு அவரவர் குடியிருப்பிலேயே தன்னார்வலர்கள் சாயங்காலம் பாடம் சொன்னார்கள். பிள்ளைகள் நடக்க வேண்டியதில்லை, தாய்மார்களுக்கும் பயமில்லை. அந்தந்தத் தெருவிலேயே நடந்ததால் அந்தந்தத் தெருப் பிள்ளைகள்தான் வந்தார்கள் என்பது அதன் மறுபக்கம். நம் குழு எடுப்பதாக இருந்தால், தெருக்களை மாற்றிச் சுற்றிவர வேண்டும்: இந்த மாதம் இந்த வீட்டுத் திண்ணை, அடுத்த மாதம் காலனியில் ஒரு முற்றம், அதற்கடுத்து ராவுத்தர் தெரு. முதல் சுற்றில் வருகை குறையும். குறைந்தாலும் மாற்றக் கூடாது.

கேரளப் பெண்களின் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். 1998-இல் தொடங்கிய அந்த இயக்கம் 10 முதல் 20 பெண்கள் கொண்ட கூட்டங்களால் ஆனது. உறுப்பினர் வீடுகளில் மாற்றி மாற்றிக் கூடுவார்கள். என் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துகிற ஏற்பாடுதான். ஆனால் அயல் என்றால் பக்கத்து வீடு, பக்கத்து வீடு என்றால் பெரும்பாலும் அதே சாதி. அதை வெளியிலிருந்து மாற்ற ஒரு பழைய மாணவர் குழுவுக்கு இடமில்லை. வருடத்துக்கு ஒரு நாள் மேடை போட்டு மதத் தலைவர்களை அழைத்து நடத்தும் ஒற்றுமை விழா பணத்தைத்தான் தின்னும்.

வீடு தேடிப் போகும் பணி

1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களும் வலி நிவாரணத்துக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். சீக்கிரமே ஒன்று புரிந்தது. ஆஸ்பத்திரியில் என்னதான் செய்தாலும் நோயாளி மாதக்கணக்கில் கிடப்பது வீட்டில். அந்த வீட்டில் பணம் இல்லை, ஆள் இல்லை, பேச்சுத்துணை இல்லை. அதனால் ஊர்க்காரர்களையே பழக்கலாம் என்று இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மலப்புரம் பக்கம் அக்கம்பக்க வலையமைப்பாக அது பரவியது. வாரம் 2 மணி நேரம் ஒதுக்க முடிகிறவர்களைச் சேர்த்து, 16 மணி நேர வகுப்பும் 4 நாள் நேரடிப் பயிற்சியும் கொடுத்தார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர், மீன் விற்கிறவர், வாத்தியார், கல்லூரிப் பிள்ளை என்று எல்லோரும் வந்தார்கள். 2008-இல் கேரள அரசு பாலியேட்டிவ் கொள்கையை அறிவித்தது. இந்தியாவில் அதுதான் முதல். இன்றைக்கு நம் பஞ்சாயத்துகளிலும் பாலியேட்டிவ் நர்ஸ் வண்டியில் வீடு வீடாகப் போகிறார் என்றால் அதன் வேர் அங்கே இருக்கிறது.

நர்ஸ் ஒருவர், பஞ்சாயத்து பெரியது. ஒரு வீட்டில் அவர் இருப்பது கொஞ்ச நேரம்தான். டியூப் மாற்றுவார், படுக்கைப்புண்ணைச் சுத்தம் செய்து கட்டுவார், மாத்திரை பார்ப்பார், கிளம்ப வேண்டியதுதான். அடுத்த வருகை வரை அந்த வீட்டுக்குத் தேவைப்படுவது மருத்துவம் தெரிந்த ஆள் இல்லை. கூட ஒரு கை, கேட்க ஒரு காது, கோவை ஆஸ்பத்திரிச் சீட்டை வாசித்துச் சொல்ல ஒருவர், பென்ஷன் பேப்பரை நிரப்பிக் கொடுக்க ஒருவர். தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த வீட்டுக்கு மலையாளத்தில் வரும் பஞ்சாயத்து நோட்டீஸைப் படித்துச் சொல்வதே பெரிய உதவி.

நான் கூடப் போன ஒரு வீட்டைச் சொல்கிறேன். தென்னந்தோப்புக்கு நடுவில் ஓட்டு வீடு. பக்கவாதம் வந்து படுத்துவிட்ட பெரியவர், ஒரு காலத்தில் ஊர் நியாயம் பேசியவர். எங்களோடு வந்த பையன் காலனியைச் சேர்ந்தவன், ஐடிஐ படிக்கிறான். நர்ஸ் முதுகைப் பார்க்க வேண்டும், பெரியவரைத் திருப்ப வேண்டும். ஒரு கையைத் தோளுக்கு அடியிலும் ஒரு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து, “ஐயா, என் கழுத்தைப் பிடிச்சுக்குங்க” என்றான். அவர் பிடித்துக்கொண்டார். திருப்பி, தலையணையை முட்டிக்கு நடுவில் வைத்து, வேட்டியை இழுத்துவிட்டு, நர்ஸ் வேலையை முடிக்கும் வரை அப்படியே தாங்கிக்கொண்டு நின்றான். வெளியே வந்ததும் அந்த வீட்டு அம்மா டீ கொடுத்தார். எல்லோருக்கும் பேப்பர் கப்பில். அந்தப் பேப்பர் கப் என்னவென்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்; ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் தப்பாகத் தெரியும் என்று எல்லோருக்கும் கொடுப்பது. பையனுக்கும் தெரியும். குடித்துவிட்டு, “அடுத்த வாரம் வரேனுங்கம்மா” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினான். வாராவாரம் போனான். மழைக்காலம் முடிவதற்குள் சில்வர் டம்ளர் வந்துவிட்டது. அவன் வரத் தாமதமானால் பெரியவர் வாசலைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டே இருப்பார் என்று அந்த அம்மாவே சொன்னார்.

ஒரு வீட்டில் நடந்தது எல்லா வீட்டிலும் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. பேப்பர் கப்பிலேயே நின்றுவிட்ட வீடுகளும் உண்டு. ஆனால் எந்த வகுப்பும் எந்த விழாவும் அந்தப் பையனை அந்தப் படுக்கையறை வரை கொண்டுபோயிருக்காது. எதிர்த்திசையும் முக்கியம். வீதியில் வளர்ந்த ஒரு பெண் காலனியில் புற்றுநோய் வந்த ஒரு தாயின் தலையைச் சீவிவிட்டு, அந்த வீட்டில் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வருகிறாள் என்றால், அவள் வீட்டில் அன்றைக்கு ராத்திரி பேச்சு எழும். அந்தப் பேச்சு எழட்டும் என்பதற்காகத்தான் இத்தனையும்.

ஆல்போர்ட் சொன்ன நான்கில் இதற்குள்ள ஆபத்து சம அந்தஸ்தில் இருக்கிறது. கொடுக்கிறவர் ஒசத்தி, வாங்குகிறவர் தாழ்த்தி என்று ஆகிவிடலாம். எல்லாத் தெருவிலிருந்தும் தொண்டர்களைச் சேர்ப்பதுதான் ஒரே மருந்து. நோய் எல்லா வீதியிலும் இருக்கிறது, போகிறவர்களும் எல்லா வீதியிலிருந்தும் இருக்க வேண்டும். உங்கள் குழுவே ஒரே சாதிப் பிள்ளைகளாக இருந்தால், திட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு முதலில் மற்றத் தெருக்களிலிருந்து நான்கு பேரையாவது சேருங்கள். பெயருக்கு உறுப்பினராக இல்லாமல், சாவியும் கணக்கும் கையில் வைத்திருக்கும் ஆட்களாக. இது பள்ளி வகுப்புக்கும் வாசகசாலைக்கும்கூடப் பொருந்தும்.

இன்னும் சில எச்சரிக்கைகள். படம் எடுக்கக் கூடாது. நோயாளியின் கையைப் பிடித்தபடி ஒரு போட்டோ வாட்ஸ்அப்பில் போனால் அந்த வீட்டுக் கதவு மறுபடி திறக்காது, திறக்கவும் வேண்டியதில்லை. ஒரு வீட்டில் பார்த்ததை இன்னொரு வீட்டில் சொல்லக் கூடாது. கிராமத்தில் இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைச் சாகும் தறுவாயில் இருப்பவரின் அறைக்குள் அனுப்ப வேண்டாம். வெளியே அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்கட்டும். கல்லூரிப் பிள்ளைகள் தாராளமாக வரலாம். மலப்புரம், கோழிக்கோடு பக்கம் மாணவர் பாலியேட்டிவ் குழுக்கள் நல்ல பெயர் எடுத்திருக்கின்றன. தொண்டர்களுக்கு மனசு தாங்காமல் போகும் நாளும் வரும். பார்த்துப் பழகியவர் இறந்த வாரத்தில் அந்தத் தொண்டருக்கு வேறு வீடு உடனே கொடுக்காமல், நர்ஸோடு உட்கார்ந்து பேச ஒரு மணி நேரம் கொடுங்கள்.

யாருக்கு எது

இப்போது உங்கள் ஊரை வைத்துப் பாருங்கள். ஹெல்த் சென்டரில் நர்ஸ் பணியிடம் காலியாகக் கிடக்கிறது, டாக்டருக்கும் ஆர்வமில்லை என்றால் பாலியேட்டிவை எடுக்காதீர்கள். பழகிய நர்ஸ் இல்லாமல் புண்ணையும் டியூபையும் தொடும் தொண்டர் நல்லதைவிடக் கெடுதல் அதிகம் செய்வார். அந்த ஊரில் வாசகசாலை முதலில். பொது இடத்தில் இருக்கும் கட்டடமும், சாயங்காலம் வீட்டில் இருக்கும் படித்த பெண்களும் உள்ள ஊருக்கும் வாசகசாலை பொருந்தும். பெண்கள் கையில் சாவி இருந்தால் பெண் பிள்ளைகள் தானாக வருவார்கள். குழுவிலேயே இரண்டு மூன்று ஆசிரியர்கள் இருந்து, அவர்கள் வேலை பார்ப்பதும் உள்ளூர்ப் பள்ளியில்தான் என்றால் பள்ளிக்குள் அந்தத் தண்ணீர்ப் பாடம் மாதிரி ஒன்றைத் தொடங்கலாம்.

சமீபத்தில் அடிதடி நடந்த ஊர் என்றால் எனக்கு யோசனையே தேவையில்லை, பாலியேட்டிவ்தான். புண் ஆறாதபோது பிள்ளைகளை மேடையேற்றி ஒற்றுமைப் பாட்டுப் பாட வைப்பது அவர்கள் தலையில் பாரத்தை ஏற்றுவது. பெரியவர்கள்தான் முதலில் போக வேண்டும். படுத்திருப்பவரைப் பார்க்க வருகிறவனை எதிர்த்தரப்பு வீடும் விரட்டாது.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு: உங்களுக்குக் கேரளம் மாதிரிப் பஞ்சாயத்து நர்ஸ் ஏற்பாடு இல்லாவிட்டாலும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் பிசியோதெரபியும் சேர்ந்திருக்கின்றன. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தப் பணியாளரைச் சந்தித்தால் போதும்.

தொடங்குவது எப்படி என்றால், வார்டு மெம்பரையும் ஆஷா அக்காவையும் கூட்டிக்கொண்டு ஹெல்த் சென்டர் டாக்டரைப் பாருங்கள். நர்ஸ் வண்டி எந்த வார்டுக்கு என்றைக்குப் போகிறது என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அந்த நாட்களில் ஊரில் இருக்கக்கூடியவர்கள் யார் யார் என்று பிரித்துக்கொண்டு, பயிற்சிக்கு மாவட்டத்தில் எங்கே அனுப்புவார்கள் என்று அங்கேயே கேளுங்கள். கேரளத்தில் ஜனவரி 15 பாலியேட்டிவ் நாள். அந்தச் சமயத்தில் பஞ்சாயத்துகளில் கூட்டங்கள் நடக்கும், புதிதாகச் சேர வசதி.

கோவையிலும் திருப்பூரிலும் வேலை பார்ப்பவர்களுக்கு ஞாயிறுதான் கிடைக்கும். நர்ஸ் வண்டி அன்றைக்கு ஓடாது. அவர்களுக்கும் வேலை இருக்கிறது. வருடக்கணக்கில் மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகள் அண்ணன் மகள் கல்யாணத்துக்குக்கூடப் போக முடியாமல் வீட்டோடு கிடப்பாள். பயிற்சி முடித்த இருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய், கஞ்சி ஊட்டி, சவரம் செய்து, மூன்று மணி வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியும் என்றால், முகூர்த்தத் தேதியைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.